மரத்தில் தொங்கிய மருந்து

சினேகா அப்பா,

கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கிறான். உங்கள எழுப்ப மனசு வரல, அதான் எழுதி வைக்கிறேன். இன்னைக்கு வேலைக்கு வராதீக. போர்மேன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.

சுகர் முந்நூத்தி எம்பது காட்டுனதும், திருட்டுத்தனமா மிட்டாய் தின்னீகன்னு நேத்து ஏசி, தட்டையும் பிடுங்கிட்டேன். விடிஞ்சதும் இன்சுலின் பாட்டில எதுத்த வீட்டு நர்ஸ் பர்ஹத்கிட்ட காட்டுனேன்.

"இந்த வகை இன்சுலின் தண்ணி மாதிரி தெளிவா இருக்கணும்க்கா. இதுல நூல் நூலா மிதக்குது. சூடு பட்டுக் கெட்டுப்போச்சு, போட்டாலும் வேலை செய்யாது"ன்னா.

பட்டாசு ரூமுக்குள்ள கொண்டுபோகக் கூடாதுன்னு சோத்துப் பைய நீங்க வேப்பமரத்துல மாட்டிட்டுப் போறீக. வெயில் ஒரு பக்கம். ஆனா கொதிக்கிற சோத்து வாளிய ஒட்டி மருந்த வச்சு அனுப்புனது நாந்தான். சாப்பிடுறப்போ ஊசிய மறந்துறக் கூடாதேன்னு வச்சேன்.

பர்ஹத் அவ அம்மாவுக்கு வச்சிருந்த புதுப் பாட்டில் குடுத்திருக்கா. அதே மருந்து, அதே அளவு. ஃபிரிஜ் கதவுல இருக்கு. ஐஸ் பெட்டியில வச்சிராதீக, உறைஞ்சாலும் கெட்டுருமாம். பழசைத் தூரப் போட்டுட்டேன்.

தண்ணி மோட்டார அமத்துனேனான்னு தெரியல. பாத்துக்கங்க.

ஊசி போட்டுட்டு வெறும் வயித்தோட இருக்கக் கூடாதாம். சோறும் குழம்பும் மூடி வச்சிருக்கேன். நேத்துப் பிடுங்குன தட்டுதான், கழுவி வச்சிருக்கேன்.

"நான் திங்கலடி"ன்னு நேத்து ஒரே ஒரு தடவதான் சொன்னீக. இன்னொரு தடவ சொல்லியிருக்கலாம்ல.