ஆசைப் பக்கம் சாயும் கண்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய், வேளாவேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்பி ஆரம்பிக்கிறேன், இரண்டாவதில் எனக்குச் சந்தேகம்தான். இங்கே நாங்கள் நலம். உனக்குக் கடிதம் எழுதுவது எப்போதும் அப்பாவின் வேலை, ஆனால் பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய வலது கை மடியில் சும்மா கிடக்கிறது, பேச்சும் கால்வாசிதான் திரும்பியிருக்கிறது, அதனால் நான் எழுத அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டி எழுத்துப்பிழை கண்டுபிடிக்கிறார். பழைய வாத்தியார் புத்தி எங்கே போகும்.

பயிற்சி கொடுக்க வருகிற தம்பி போன வாரம் ஒன்று சொன்னார். கால் நன்றாகத் தேறுகிறது, கையில் அசைவே காணோம், வீட்டில் ஏதாவது பார்த்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் வியாழக்கிழமையோடு கைப் பயிற்சியை விட்டுவிட்டுக் காலை மட்டும் கவனிப்போம் என்றார். ஆள்காட்டி விரல் தினமும் சாயங்காலம் அசைகிறதே தம்பி என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். இல்லாததைச் சொன்னால் உன் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு வீணாக வலியைத் தாங்குவார், இருப்பதைச் சொல்லாமல் விட்டால் அந்தக் கை அப்படியே போய்விடும். என் கண்ணை நானே நம்பாமல் போனதற்குக் காரணம் மாடி வீட்டுப் பெண்.

அவள் மூளை ஆராய்ச்சி செய்கிறாளே, பரிசோதனைக்கு ஆள் போதவில்லை என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். இருட்டறையில் மோவாயை ஒரு தாங்கியில் வைத்து உட்காரவைத்தார்கள். எதிரே திரையில் கடுகைக் கொட்டிவிட்ட மாதிரி புள்ளிகள் அலைகின்றன, அதில் கொஞ்சம் மட்டும் ஒரே பக்கமாக நகரும், இடமா வலமா என்று பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். இடப்பக்கம் சரியாகச் சொன்னால் ஒரு சாக்லேட், வலப்பக்கம் சரியாகச் சொன்னால் மூன்று. எனக்குச் சாக்லேட் மேல் பெரிய ஆசை கிடையாது, அப்பா இங்கே சிரிக்கிறார், அவரைக் கண்டுகொள்ளாதே. புள்ளிகள் தெளிவாக ஓடும்போது ஒரு தொல்லையும் இல்லை. கலங்கலாக இருக்கும்போது பார், எல்லாம் வலப்பக்கமே போவதாக எனக்குத் தெரிந்தது. நான் ஏமாற்றவில்லை, சத்தியமாக அப்படித்தான் தெரிந்தது. பிறகு அவள் விளக்கினாள், மூளைக்குள் இரண்டு குடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி, பார்க்கப் பார்க்க இரண்டிலும் சொட்டுச் சொட்டாக நீர் விழும், எது முதலில் நிரம்புகிறதோ அதுதான் பதில், பரிசு இருக்கும் பக்கத்துக் குடத்தில் மூளை முன்கூட்டியே கொஞ்சம் ஊற்றி வைத்துவிடுகிறது என்றாள். அப்படியானால் மாறுவது பார்வையா, முடிவா என்று கேட்டேன். அதற்குத்தான் ஆன்ட்டி நாங்களே அடித்துக்கொள்கிறோம் என்றாள். எனக்கு அன்று முழுக்க அதே யோசனை.

அப்போதுதான் எங்கள் மில்லில் நடந்த கூத்தும் புரிந்தது. நெய்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் மேஜையில் யார் அதிகமாகப் பழுது பிடிக்கிறார்களோ அவர்கள் சனிக்கிழமை மத்தியானமே வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் அறிவித்தார். அந்த ஒரே வாரத்தில் நல்ல துணியெல்லாம் கெட்டுப்போனது, ஆளாளுக்கு மேஜை விளக்கடியில் ஓட்டை தெரிந்தது, ஒருத்திகூடப் பொய் சொல்லவில்லை. துணியிலேயே இந்த லட்சணம் என்றால், என் வீட்டுக்காரர் விரலை நான் எந்தக் கண்ணால் பார்த்திருப்பேன்?

ஒரு துணியில் தகராறு வந்தால் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் பார்த்தவள் பழுதென்று போட்ட குறியை அழித்துவிட்டு, என்ன சண்டை என்று சொல்லாமல் வேறொருத்தியிடம் கொடுப்போம். அதையே செய்தேன். என்னோடு வேலை பார்க்கிற கழுகக்காவைக் கூப்பிட்டேன், ஒரு நூல் தப்பினாலும் பிடித்துவிடுவாள் என்று அந்தப் பெயர். அவளுக்கும் அப்பாவுக்கும் ஏழாம் பொருத்தம், அதனால் அந்த விரல் அசைந்தாலும் அசையாவிட்டாலும் அவளுக்கு ஒன்றும் போகப்போவதில்லை. கையைப் பார் என்று மட்டும் சொல்லி உட்காரவைத்தேன். காபியை ஆறவைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள். “நாலு விரலும் கம்முனு கிடக்குது, கட்டைவிரல் மட்டும்தான் உள்ளே இழுக்குது, அதை ஏன்டி யாரும் கவனிக்கலை” என்றாள்.

முதல் பாதியிலேயே என் மனசு நின்றுவிட்டது, மறுபாதி காதில் ஏறவே நேரமானது. இல்லாத இடத்தில் அசைவைப் பார்த்து, இருந்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். ஆள்காட்டி விரல்மேலேயே ஏன் கண்ணாக இருந்தேன் என்றால், அதை ஊன்றித்தான் அவர் பேனா பிடிப்பார், அது வந்துவிட்டால் உனக்குப் பழையபடி அவரே எழுதுவார் என்ற ஆசை. கழுகக்கா போனபிறகு அடுப்படியில் நின்று நன்றாக அழுதேன்.

வியாழக்கிழமை அந்தத் தம்பியிடம் கையைக் காட்டி, நீங்களே பாருங்கள் என்று மட்டும் சொன்னேன், எந்த விரல் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு விரலுக்கடியிலும் தன் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார், கட்டைவிரலில் நின்றுவிட்டார். துளிதான் இருக்கிறது, ஆனால் இருக்கிறது, கையை விடவேண்டாம் என்றார். அப்பா சொன்ன ஒரே வார்த்தை “அப்பாடா.” நீ இதைப் படித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று துள்ளாதே, நாளாகும் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

நீ பார்த்திருக்கும் புது வீட்டுப் படம் வந்தது. ஜன்னலும் வெளிச்சமும் அருமை. உனக்குப் பிடித்துப்போய்விட்டது, அதனால்தான் சொல்கிறேன், அந்த வீட்டில் ஆசையே இல்லாத ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போய் மூலையில் ஈரம் இருக்கிறதா பார்க்கச் சொல்.

நேரத்துக்குத் தூங்கு. கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. நீ நினைப்பது நடக்கட்டும், நடப்பது உனக்கு நன்றாகவும் தெரியட்டும், எங்கள் ஆசீர்வாதம் உன்னோடு இருக்கும்.

அன்புடன்,
அம்மா

இதற்குக் கீழே நீல மையில் ஒன்று இருக்கிறது பார். பேப்பரை நான் பிடித்துக்கொண்டேன், கையையும் நான்தான் தூக்கி வைத்தேன், கட்டைவிரலை அழுத்தியது அப்பா. கழுகக்கா இதை மைக்கறை என்கிறாள். உனக்கு என்னவாகத் தெரிகிறது என்று எழுது.