புதன் காலை பத்து மணி

மார்ச் 11, புதன்

வெயில். நான்கு நாளாக மழை இல்லை. ஈப்போ மலைகளே தெரியவில்லை, வெறும் மூட்டம்.

அலுவலகத்தில் லீவு கேட்டேன். எத்தனை நாள் என்றார் முதலாளி. தெரியாது என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஸ்டோர் சாவியை மே லிங்கிடம் கொடுத்தாயிற்று.

எழுதி வைத்தால்தான் தலையில் நிற்கிறது. திங்கள் விடிகாலை, ஆஸ்திரேலியாவில், பெர்த்தில், ஸ்ட்ராபெரி தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன வேன் கவிழ்ந்தது. ஏழு பேர். ஆறு பேருக்குச் சிராய்ப்பு. தம்பி ஜெரால்டுக்குத் தலையில். அறுவை முடிந்தது. கண் திறக்கவில்லை. சேதி சொன்னது மூர்த்தி, அவனோடு ஒரே அறையில் இருக்கும், ஈப்போ பக்கத்துச் சிம்பாங் பூலாய் பையன்.

நான்கு வருடத்துக்கு முன் சுற்றுலா விசாவில் போனவன் ஜெரால்டு. திரும்பவில்லை. வந்தால் மறுபடி போக முடியாது என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸும் தள்ளிப்போட்டான்.

அம்மாவிடம் கால் உடைந்துவிட்டது என்றேன். மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறார்கள் என்றேன். இரண்டாவது மட்டும் பாதி உண்மை.

பார்க்க வேண்டியவை: அம்மா பாஸ்போர்ட் (வேளாங்கண்ணி போனபோது எடுத்தது, காலாவதி). விசா, இருவருக்கும். விமானம். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு ரயில். அம்மாவுக்கு முட்டி வலி, அடிக்கடி பாத்ரூம். பஸ் சரிப்படாது.

மார்ச் 12, வியாழன்

இமிகிரேசனில் காலை ஏழரைக்கே வரிசை. அம்மாவின் விரல் ரேகை இயந்திரத்தில் விழவில்லை. வலது பெருவிரல், இடது, மறுபடி வலது. சுங்காய் தோட்டத்தில் முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டி, ஆசிட்டில் புழங்கிய கை. அந்த அதிகாரிப் பெண் அம்மாவின் விரலை ஈரத் துணியால் துடைத்து, தன் கையால் அழுத்திப் பிடித்தாள். பதினோராவது தடவை விழுந்தது. மதியம் பாஸ்போர்ட் கிடைத்தது. விசா கைப்பேசியிலேயே வந்துவிட்டது, இருவருக்கும்.

ரயில்தான் பிரச்சினை. ராயா பெருநாள் கூட்டம். வெள்ளி, சனி, ஞாயிறு ஒன்றும் இல்லை. திங்கள் காலை இரண்டு இடம், வேறு வேறு கோச். செவ்வாய் 9.15க்கு பக்கத்து பக்கத்து இடம். கே.எல். சென்ட்ரல் 11.50. அங்கிருந்து விமான நிலைய ரயில். மாலை 5.15க்கு விமானம். பெர்த்தில் இறங்க இரவு பதினொன்று ஆகும். அங்கேயும் இங்கேயும் ஒரே நேரம், அது ஒன்றுதான் வசதி.

செவ்வாய் எடுத்தேன். அம்மாவைத் தனியாக வேறு கோச்சில் விட முடியாது.

மார்ச் 13, வெள்ளி

காலையில் சிறு தூறல், உடனே நின்றது.

டாக்டர் பேசினாள். பெண். மெதுவாகப் பேசினாள், எனக்காக. மூளை வீக்கம் குறையவில்லை. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தார்களாம். இனி எழ மாட்டான். மூச்சு இயந்திரம் விடுகிறது. இப்படியே வைத்திருப்பது அவனுக்கு நல்லதல்ல, ஆனால் குடும்பம் வரும்வரை காத்திருப்போம் என்றாள். எப்போது வருவீர்கள்?

செவ்வாய் இரவு என்றேன்.

"அப்படியானால் புதன் காலை பத்து மணி என்று போட்டுக்கொள்ளலாமா?"

சரி என்றேன். பல் டாக்டரிடம் நேரம் வாங்குவதுபோல.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. திங்கள் ரயில் எடுத்திருந்தால் செவ்வாய். வியாழன் என்றால் வெள்ளி. பக்கத்து பக்கத்து இடம் கிடைத்ததால் புதன். நாள் குறித்தது நான்.

இன்னொன்று. யாரிடமும் சொன்னதில்லை. ஜனவரியில் கேட்டான், "அக்கா, நான் வந்துரவா? முடியல." சீசன் முடியட்டும்டா என்றேன்.

மார்ச் 14, சனி

அம்மா துணி அடுக்கினாள். தனக்கு இரண்டு சேலை. மீதி எல்லாம் ஜெரால்டுக்கு. கறுப்புச் சிலுவார், பெல்ட், புதுச் சட்டை. கால் கட்டோடு இந்தக் கால்சட்டை எப்படி ஏறும் என்று சிலுவாரின் ஒரு பக்கத் தையலை முட்டிவரை பிரித்தாள். பிரித்த இடத்தில் ஊக்கு குத்தினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நெத்திலி சம்பல் வறுத்தாள். ஆஸ்திரேலியாவில் விடமாட்டார்கள் என்றேன். மூடி இறுக்கமாத்தான் இருக்கு என்றாள்.

சக்கர நாற்காலிக்கு விமானத்தில் சொல்லியாயிற்று. ஸ்டேஷனிலும் கேட்க வேண்டும். காது அடைக்காமல் இருக்க மிட்டாய். அம்மா பிரஷர் மாத்திரை பத்து நாளுக்கு. என் கறுப்புச் சேலை, பையின் அடியில், அம்மா பார்க்காமல்.

மார்ச் 15, ஞாயிறு

பூசை முடிந்து பாதரைத் தனியாகப் பிடித்தேன். இயந்திரத்தை நிறுத்துவது பாவமில்லை, அது கொலை ஆகாது என்று விளக்கினார். நல்ல மனிதர். எனக்கு அதில் ஒன்றும் இறங்கவில்லை.

மூன்று மணிக்கு மருத்துவமனை வீடியோவில் அழைத்தது. தாய்க்கு அவருடைய மொழியில் நேராகச் சொல்ல வேண்டும், அது அவர்கள் வழக்கமாம். மொழிபெயர்க்க ஓர் இலங்கைத் தமிழ்ப் பெண். நான் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில், அம்மாவுக்கு முழுதாகத் தெரியாது என்றேன். டாக்டர், அப்படியானால் இன்று தெரிய வேண்டும் என்றாள்.

அந்தப் பெண் சொன்னாள்: "அம்மா, மகனுக்கு இனி நினைவு திரும்பாதாம். மெஷின்தான் அவருக்கு மூச்சு விடுது. நீங்கள் வந்து பாத்த பிறகு அதை நிப்பாட்டலாம் எண்டு டொக்டர் சொல்லுறா."

அம்மா அழவில்லை. நன்றிம்மா என்றாள் அவளிடம். போனை மேசைமேல் கவிழ்த்தாள்.

மன்னிச்சிரும்மா என்றேன்.

"காலு ஒடஞ்சவனப் பாக்க எதுக்கு ரெண்டு பேரு ஏரோப்ளேன் ஏறணும்? எனக்குத் தெரியாதா?"

மேல் வீட்டில் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.

"நம்ம போவலன்னா?"

"காத்திருப்பாங்கம்மா."

"போற வரைக்கும் நிறுத்த மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப நான் வரல."

மார்ச் 16, திங்கள்

அம்மா தன் இரண்டு சேலைகளையும் அலமாரியில் திரும்ப வைத்துவிட்டாள். கீரை ஆய்ந்தாள். தேங்காய் துருவினாள். நான் பேசப் பேச மிக்சியைப் போட்டாள்.

கத்தினேன். செய்திருக்கக் கூடாது. நீ வராவிட்டாலும் அவன் பிழைக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன், அப்படியே, அந்த வார்த்தைகளில். நீ போ, நான் தடுக்கல என்றாள். நான் மட்டும் போனால் அவர்கள் என்னைக் கேட்பார்கள், நான் சரி என்பேன். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

ரயில் டிக்கெட்டை வியாழனுக்கு மாற்ற முடியுமா என்று பார்த்தேன். இடம் இல்லை.

மதியம் மூர்த்தி கூப்பிட்டான். புறப்படும் நேரம் கேட்கத்தான். அம்மா போனை என் கையிலிருந்து வாங்கினாள். சமையலறையில் நின்றபடி ஒவ்வொன்றாகக் கேட்டாள். உடம்பு சூடா இருக்கா, ஜில்லுன்னு இருக்கா. முதுகு புண்ணாகாம பொரட்டிப் போடுறாங்களா. முகம் தெரியுதா. யாரு கூட இருக்கா.

ஸ்பீக்கரில் அவன் குரல்:

"நான்தாம்மா இருக்கேன். வேற யாரும் வரலம்மா. போலீஸ் வந்து போயிட்டு இருக்காங்க, எங்க யாருக்கும் விசா இல்ல, மத்தவங்கல்லாம் பயந்து வேற தோட்டத்துக்கு ஓடிட்டாங்க. என்னையும் பிடிப்பாங்க. பரவால்லம்மா. ஆனா தனியா உக்காந்து அவனப் பாத்துக்கிட்டே இருக்க என்னால முடியல. நீங்க வந்துருங்கம்மா."

"ஒனக்கு என்னா வயசு?"

"இருவத்தி மூணும்மா."

"ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லலம்மா."

நாளைக்கு வாரேன் என்று சொல்லி போனை என்னிடம் நீட்டினாள். மறுபடி பையைத் திறந்தாள். சேலைகளை வைத்தாள். சம்பல் டப்பாவை வெளியே எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

மழை, ஒருவழியாக. எட்டரைக்கே ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் பெட்டியும் பிள்ளைகளுமாய் கூட்டம். எங்களைப் பார்த்த ஓர் அம்மாள், பெருநாளுக்கு எங்கே பயணம் என்று மலாயில் கேட்டாள். மகனைப் பார்க்க என்றாள் அம்மா. அந்த அம்மாளுக்கு மகிழ்ச்சி.

9.15க்குச் சரியாகக் கிளம்பியது. அம்மா ஜன்னல் பக்கம். கம்பார் வரை ஜெபமாலை. சுங்காய் வந்தபோது மட்டும் வாயைத் திறந்தாள்.

"ஆஸ்பத்திரி போய்ச் சேர முடியல. தோட்டத்து லாரியிலயே பொறந்துட்டான்."

அவ்வளவுதான். ஸ்டேஷன் போய்விட்டது. எனக்கு இது தெரியாது. நாற்பத்தேழு வயதில் இன்றுதான் கேட்கிறேன்.

கே.எல். சென்ட்ரல் 11.50. லிஃப்டில் கூட்டம், மூன்று தடவை விட்டோம். பாத்ரூம் இரண்டு தடவை. 12.40 ரயில். ஒன்றேகாலுக்கு விமான நிலையம். நான் போட்ட கணக்கில் ஒரு நிமிடம்கூடத் தவறவில்லை. அதில் ஒரு பெருமை வந்தது, வந்ததும் வெட்கமாக இருந்தது.

4.20. கேட்டில் உட்கார்ந்திருந்தபோது டாக்டர் கூப்பிட்டாள். ரத்த அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கிறது, மருந்து பிடிக்கவில்லை. நீங்கள் வரும்வரை தாங்குவான் என்று சொல்ல முடியாது. இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மறுபடி ஓட வைக்கப் பார்க்கலாம், சில மணி நேரம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். என்ன செய்யட்டும்? இப்போதே சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். எதையும் குறைக்காமல், இந்தத் தடவை.

"நெஞ்ச அமுக்குனா எலும்பு ஒடையுமா?"

"ஒடையும்மா."

விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்னு சொல்லு. அவன ஒண்ணும் பண்ண வேணாம். மூர்த்திய கையப் புடிச்சிக்கச் சொல்லு. அம்மா கெளம்பிட்டேன்னு காதுல சொல்லச் சொல்லு."

சொன்னேன். டாக்டர் செய்கிறேன் என்றாள்.

இப்போது இருக்கையில். அம்மாவுக்கு பெல்ட் மாட்டத் தெரியவில்லை, மாட்டிவிட்டேன். போனை அணைக்கச் சொல்கிறார்கள்.

மார்ச் 18, புதன்

நேற்று மாலை 7.50க்கு இதயம் நின்றது. நாங்கள் அப்போது கடல்மேல்.

இரவே பார்த்தோம். முகம் தெரிந்தது. அம்மா ஒரு மணி நேரம் இருந்தாள். நான் பத்து நிமிடம்.

காலை பத்து மணிக்கு அந்த அறைக்கே போனோம், நேரம் கொடுத்திருந்ததால். டாக்டரும் வந்தாள். செய்ய ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம், நாலு பேர். மூர்த்தி போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானே போய்ச் சரணடையப்போகிறானாம். அதற்கு முன் அவன் தாய்க்குப் போன் போட வைத்தாள் அம்மா. போட்டான். பாதியில் பேச முடியாமல் அம்மாவிடமே கொடுத்தான். முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் கால் மணி நேரம் பேசினார்கள். ஒங்க புள்ளதான் எம்புள்ளய அனுப்பி வச்சான் என்று அம்மா சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

மார்ச் 19, வியாழன்

குளிர்காற்று. விடுதியில் தேநீர் தண்ணீராக இருக்கிறது.

விபத்து என்பதால் பரிசோதனை முடிந்தே உடலைக் கொடுப்பார்கள். நாலைந்து நாள். பிறகு தூதரகக் கடிதம், சவப்பெட்டி, விமானத்தில் சரக்குப் பகுதி.

கே.எல்.லிலிருந்து ஈப்போவுக்கு: பெட்டி வேனில் மூன்று மணி நேரம். டிரைவர் பக்கத்தில் ஓர் இடம்தான். அம்மா ரயிலில் வரட்டும், வேனில் நான் போகிறேன் என்று திட்டம் போட்டு, திரும்பும் டிக்கெட்டும் பார்த்து வைத்தேன். முட்டி மடக்கி அவ்வளவு நேரம் அவளால் உட்கார முடியாது, வழியில் நிறுத்தவும் மாட்டார்கள் என்றேன்.

"நீ ரயில்ல வா" என்றாள்.

ஒரு டிக்கெட் மட்டும் எடுத்தேன்.