பதினோராம் சரிவு

குற்றாலம்,
22.7.1984

அன்புள்ள ராபியாவுக்கு,

நான் நலம். நேற்று கொடுத்த தந்தியைப் பார்த்துப் பதறிப்போயிருப்பாய். இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. தென்காசிக்குப் போய் உன் வாப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் தந்தி ஆபீசுக்கே போனேன். நன்றாக இருக்கிறார்கள். "எம் மவ ஆகாசத்துல எடுத்த படத்த வச்சு நம்ம மலையில என்ன மரம் நிக்குன்னு சொல்லுதாளாமே, ஒனக்குத் தெரியுமா தாயி?" என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

'பதினொன்றைப் பற்றிப் பேசாதே, கடிதம் வருகிறது' என்று ஏன் அடித்தேன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னைக் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். திட்டாமல் சொல்ல வராது.

போன வருடம் ஹைதராபாத் செயற்கைக்கோள் பட ஆபீசிலிருந்து இன்டர்வியூ கார்டு நம் இருவருக்கும் ஒரே நாளில் வந்தது. உன்னை வாப்பா கையோடு கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். எங்கள் சுடலையாண்டி அண்ணன், "போலீஸ்காரன் தங்கச்சி தனியா ஊர் ஊராச் சுத்துதான்னு நாலு பேரு பேசணுமாக்கும்" என்று கார்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதோடு முடிந்தது. அண்ணன் மேல் வர வேண்டிய கோபம் ஏன் உன் மேல் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. வந்தது, அவ்வளவுதான்.

மலைக்கு யார் ஏறினார்கள், சொல்லு. ஐந்தருவிக்கு மேலே அட்டை கடிக்கும் என்று நீ கீழே பஜ்ஜிக் கடையிலேயே உட்கார்ந்துவிடுவாய். நான் காலில் சுண்ணாம்பும் புகையிலையும் பூசிக்கொண்டு ஏறி, செடியோடு இறங்குவேன். அட்டைக்குப் பயந்தவள் இன்று தொள்ளாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து மலையைப் பார்க்கிறாள்!

நீ அனுப்பிய படத்தை நம் ராமசேஷன் சார், நாம் படித்து இப்போது நான் பாடம் எடுக்கும் தாவரவியல் டிபார்ட்மெண்ட் சுவரில் மாட்டியிருக்கிறார். இலை உள்ள இடமெல்லாம் ரத்தச் சிவப்பாகத் தெரிவதைப் பார்த்து முதலாம் வருடப் பெண்கள் வாயைப் பிளக்கிறார்கள். சார், "நம்ம ராபியா, நம்ம ராபியா" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுகிறார். அந்தப் படத்துக்குக் கீழே உள்ள பீரோவில் நான் எட்டு வருடமாக உலர்த்தி ஒட்டிய செடித்தாள்கள் தொள்ளாயிரம் இருக்கின்றன. ஒருத்தி திரும்பிப் பார்க்கவில்லை. வயிறு எரிந்தது, ராபியா. பொய் சொல்லவில்லை, அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

அந்த வயிற்றெரிச்சலில் இருக்கும்போதுதான் உன் கடிதம் வந்தது. இலை, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு அளவில் அனுப்புகிறது, படத்தில் கட்டத்துக்குக் கட்டம் அளவு மாறினால் அங்கே பல வகை, ஒரே அளவாக இருந்தால் சில வகை என்று அழகாக எழுதியிருந்தாய். படித்ததும் புரிந்தது. புரிந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது. பதினைந்து இடத்துக்கு எண் போட்டு, நேரில் போய்ப் பார்த்து 'சரி', 'தவறு' என்று எழுதி அனுப்பச் சொன்னாய்.

ஜூன் மாதம் பலவேசத்தோடு போனேன். நம் பழைய பாரஸ்ட் வாட்சர் பலவேசம்தான். பதினாலு இடம் நீ சொன்னபடியே இருந்தது. பதினோராவது, ஐந்தருவிக்கு வடக்கே உள்ள சரிவு. 'வகை குறைவு' என்று போட்டிருந்தாய். நான் போனபோது சாரல் விழுந்து பத்து நாள் ஆகியிருந்தது. வேங்கையும் மருதும் தழைத்து நின்றன. அடியில் காட்டு மஞ்சள், நிலப்பனை, பாறையெல்லாம் ஆர்க்கிட். உன் படம் பிப்ரவரியில் எடுத்தது. மாசி மாதம் அந்த மரமெல்லாம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும், கீழே உள்ளதெல்லாம் கிழங்காக மண்ணுக்குள் கிடக்கும். இலையே இல்லாவிட்டால் வெளிச்சம் எதிலிருந்து திரும்பி வரும்? எல்லாக் கட்டமும் ஒன்றுபோலத்தானே தெரியும்? நீ அங்கே ஒரு தடவை ஏறியிருந்தால் உனக்கே தெரிந்திருக்கும்.

எனக்கு நின்ற இடத்திலேயே தெரிந்தது. தெரிந்தும் 'சரி' என்று எழுதினேன். ஆகஸ்ட் ஆறாம் தேதி ஹைதராபாத் கருத்தரங்கத்தில் நீ இதைப் பேசும்போது எவனாவது எழுந்து கேள்வி கேட்கட்டும், நீ முழிக்கட்டும் என்று எழுதினேன். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

நேற்று காலையில் பலவேசம் வந்தார். "ஆவணியில பாரஸ்ட்காரவ அந்தச் சரிவ வெட்டித் தைல மரம் நடப் போறாவளாம் டீச்சர். அங்கன ஒண்ணும் கெடையாதுன்னு மேல இருந்து படம் எடுத்துச் சொல்லிட்டாவளாம். ஆறாம் தேதி ஐதராபாத்துல பேசி முடிச்சதும் உத்தரவு வருதாம். எந்தக் கண்ணில்லாத பய எடுத்த படமோ!" என்றார். கண் உள்ள நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். உன்னை முழிக்க வைக்கத்தான் நினைத்தேன், மலையை மொட்டையடிக்க நினைக்கவில்லை. ஆனால் நான் எழுதிய ஒரு வார்த்தை அதைத்தான் செய்யப் போகிறது.

அந்தச் சரிவில் நான் பார்த்த அறுபத்து மூன்று வகைக்கும் பட்டியல் இதோடு வைத்திருக்கிறேன். சாரல் மாதத்தில் மேகம் மறைக்கும் என்பாய், சரி. புரட்டாசியில் நாலு நாள் வானம் வெளுக்கும், அந்த நாளில் எடுத்த படம் இருக்கிறதா என்று தேடு. பிப்ரவரிப் படத்தோடு சேர்த்து வைத்துப் பார். இலை வந்து போகிற இடத்தை ஒரே படத்தில் அளக்கக் கூடாது என்று ஆறாம் தேதி நீயே முதலில் எழுந்து சொல்லிவிடு.

தவறு எப்படி வந்தது என்று கேட்டால், சரிபார்த்தவள் பொய் எழுதினாள் என்று சொல். இந்தக் கடிதத்தையே காட்டு. என் வேலைக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், அண்ணனுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பட்டியலின் அடியில் 'என் பெயர் போட வேண்டாம்' என்று எழுதி அடித்திருப்பதைப் பார்த்திருப்பாய். பெரிய மனசு பண்ணலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. கட்டுரையில் உன் பெயருக்குக் கீழே என் பெயரைச் சின்ன எழுத்திலாவது போடு.

சாரல் நன்றாக இருக்கிறது. ஆறாம் தேதி முடிந்ததும் ஒரு தடவை வா, ராபியா. உன் காலுக்குச் சுண்ணாம்பு நான் பூசிவிடுகிறேன். அந்தச் சரிவு அப்போதும் நிற்க வேண்டும், நீ ஏறிப் பார்க்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தால் எரியட்டும். நீ நன்றாக இரு.

உன்,
ரெங்கம்மாள்