சிவப்புத் துவாயும் சின்னவளின்ர பட்டியலும்

உன்ர சிவப்புத் துவாய் இப்ப என்ர தோளிலை கிடக்குது. நான் களவெடுக்கேல்லையடாப்பா, உன்ர மனிசிதான் தந்தவா. "நீங்களே வச்சிக்கங்க அண்ணே, அவரு வாசம் போகவே மாட்டேங்குது" எண்டா. உண்மைதான். மூண்டு தரம் தோய்ச்சும் பீடி மணக்குது. செத்து வருசம் ஒண்டாகியும் நீ பீடியை விடேல்லை.

இந்தத் துவாயாலை பூநகரி ரோட்டிலை எத்தினை வாகனத்தை மறிச்சிருப்பாய்! எங்கட சந்தியிலை பஸ் வாறதே அருமை. நான் மரத்துக்குக் கீழை மரியாதையா நிப்பன். நீ முதல்லை கொழும்புச் சொகுசு பஸ்ஸுக்குத் துவாயை ஆட்டுவாய். அவன் புழுதியை அடிச்சுப்போட்டுப் போவான். பிறகு லொறிக்கு ஆட்டுவாய். பிறகு உழவு மெசினுக்கு. ஒருநாள் மாட்டு வண்டிலுக்கும் ஆட்டினனி.

"வெக்கமில்லையோடா உனக்கு?" எண்டு கேட்டால், மலைநாட்டிலையிருந்து கொண்டுவந்த அந்தத் தமிழிலை சொல்லுவாய்: "கையக் காட்ட காசா கேக்குறான் அண்ணே? நிப்பாட்டுறது டிரைவர் பாடு." கடைசியிலை நீ உழவு மெசின் பெட்டியிலை குந்திக்கொண்டு போவாய். நான் வெயிலுக்கை நிப்பன்.

இனி விசயத்துக்கு வாறன். உன்ர சின்னவள் சோதினையிலை கணிதப் பிரிவிலை வெளுத்து வாங்கிப்போட்டாள். கம்பஸுக்கு, அதுதான் பல்கலைக்கழகத்துக்கு, விண்ணப்பம் போடவேண்டி வந்துது. எந்த இடம், எந்தப் படிப்பு எண்டு விருப்ப ஒழுங்கிலை பட்டியல் எழுதவேணும். திகதி முடிஞ்சால் மாத்தேலாது. மூத்தவன்ர பட்டியலிலை வாயை வைச்சவன் நான்தான் எண்டு உனக்குத் தெரியும். "கெட்டிக்காரன் கீழை எழுதக்கூடாது, எழுதினால் அதைத்தான் தருவாங்கள்" எண்டு ஏழாம் வகுப்போடை படிப்பை விட்ட பேராசிரியர் நான் சொல்ல, பெடி ரெண்டே ரெண்டு வரி எழுதினான். ரெண்டும் மயிரிழையிலை போச்சு. இப்ப கட்டாரிலை நிக்கிறான். நீ என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

அவ்வளவு பட்டும் வாய் சும்மா கிடக்குமோ? சின்னவள் கொப்பியோடை வேலியைத் தாண்டி எங்கட விறாந்தைக்கு வர, நான் தொடங்கீட்டன்.

"பிள்ளை, கிளிநொச்சியிலை இருக்கிற எஞ்சினியரிங்கை முதலாவதா எழுது. கொம்மா தனிய. கொழும்புப் பக்கத்திலை உன்னை எங்கை எடுக்கப்போகினம்?"

"பெரியப்பா, அதை முதலாவதா எழுதினால் அதோடை என்ர கதை முடிஞ்சுது. அவையள் மேலையிருந்துதான் பார்த்துக்கொண்டு வருவினம். புள்ளி எதுக்குக் காணுதோ அதிலை நிப்பாட்டிப்போடுவினம். கீழை இருக்கிறதைப் பார்க்கவே மாட்டினம்."

"அப்ப கீழை ஏன் எழுதிறாய்?"

"மேலை நிப்பாட்டாட்டி?"

கொப்பியைத் திருப்பிக் காட்டினாள். உச்சியிலை கொழும்புப் பக்கத்துப் பெரிய எஞ்சினியரிங். அடுத்தது கண்டிப் பக்கம். நடுவிலை எங்கட கிளிநொச்சி. போனமுறை வெட்டுப்புள்ளியைப் பார்த்தால் அது அனேகமாக் கிடைக்கும் எண்டாள். வெட்டுப்புள்ளி ஏறினாலும் எண்டு அதுக்குக் கீழை விஞ்ஞானம். அடியிலை நில அளவை.

"நில அளவையோ? என்ர வேலியை அளக்கவோ?"

"ஓம், நீங்கள் எங்கட பக்கம் தள்ளிப்போட்ட வேலியைத்தான்."

பிறகு சிரிச்சுக்கொண்டு, அச்சு அசலா உன்ர குரலிலை கேட்டாள்: "கையக் காட்ட காசா கேக்குறான் பெரியப்பா?"

மூத்தவனுக்கு இதைச் சொல்ல உனக்கும் தோணேல்லை, எனக்கும் தோணேல்லை. படிப்பு விசயம் எண்டவுடனை ரெண்டு பேரும் மரத்துக்குக் கீழை மரியாதையா நிண்டிட்டம்.

போன மாதம் முடிவு வந்தது. உச்சியிலை இருந்தவன் நிப்பாட்டிப்போட்டான்! உன்ர மனிசி அழுதுகொண்டே பொங்கல் பொங்கினா. நான் சைக்கிளிலை திரிஞ்சு, தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லாரையும் மறிச்சுச் சொன்னன். "உங்களுக்குப் பிள்ளை என்ன முறை?" எண்டு ஒருத்தன் கேட்டான். "நான் வேலிக்காரன்" எண்டன்.

இண்டைக்கு விடிய அவள் வெளிக்கிட்டாள். சொகுசு பஸ் எங்கட சந்தியிலை நிக்காது எண்டு தாயும் மகளும் ஓட்டோ பாத்துக்கொண்டு நிண்டவை. தூரத்திலை பஸ் தெரிய, நான் ரோட்டிலை இறங்கித் துவாயை ஆட்டினன். எழுபத்திமூண்டு வயசிலை முதல் தரம். வெக்கத்திலை கண்ணை மூடிக்கொண்டுதான் ஆட்டினன்.

பிரேக் போட்டான்! கொண்டக்டர் தலையை நீட்டி, "எங்கை ஐயா போறியள்?" எண்டான்.

"நான் எங்கையும் போகேல்லை. எஞ்சினியர் அம்மா போறா, கதவைத் திற!"

பிள்ளை ஏறிப் போயிட்டாள். புழுதி அடங்கத் துவாயை உதறித் தோளிலை போட்டன். பின்னாலை ஒரு உழவு மெசின் வந்தது. அதுக்கும் ஒருக்கா ஆட்டினன். நிப்பாட்டினான். என்ர வீடு அடுத்த வளவுதான். எண்டாலும் ஏறினன்.