செவலைக்கு நீ போட்ட நிழல்

அக்கா,

நனைந்த சாக்கின் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. இன்று காலையும் அப்படித்தான். செவலை படுப்பதற்காகக் கோணியை நனைத்துப் பிழிந்து வேப்பமரத்தடியில் விரித்தேன். வாடை எழுந்ததும் நீ பக்கத்தில் வந்து நிற்பதுபோல இருந்தது. செத்த பிறகும் என்னை விட மாட்டாயா என்று கேட்டேவிட்டேன்.

செவலை என் நாய். பொன்னேரி ரயிலடியில் கிடந்த குட்டியை முந்தானையில் சுற்றி நம் ஊர் தோணிரேவுக்குக் கொண்டுவந்தவள் நான். சோறு போட்டு வளர்த்தவள் நான். அதன் முதல் கோடையிலேயே நீ அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டாய்.

நாம் உப்புத்தண்ணீர் ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும்போது அது கரையில் காத்திருக்கும். "வூட்டுக்குப் போடா" என்று நான் கத்துவேன். அது போகாது. கொதிக்கிற மணலில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்கும். நீயோ, பல்லில் கடித்திருந்த ஓலைக்கூடையை, இறால் பறியைக் கையில் வாங்கிக்கொண்டு கரையேறிவிடுவாய். மேல்மணலை ஒதுக்கி, ஈரம் தட்டும்வரை பள்ளம் பறித்து, நனைத்த சாக்கைப் போடுவாய். குச்சி நட்டு, மேலே பழைய புடவையைக் கட்டுவாய். நாம் குடிப்பதற்குக் கேனில் கொண்டுவந்த நல்ல தண்ணீரை அதற்கு ஊற்றுவாய். "இன்னாடி மொறைக்கிற? அதுக்கு மட்டும் தாகம் இல்லியா?" என்பாய். செவலை உன் கையை நக்கும். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். இறால் கையில் பட்டும் நழுவிப் போகும்.

என் வீட்டுக்காரர் சிரிப்பார். "நாய்க்குப் போயி சக்களத்தி சண்டையா?" என்பார். ஆமாம், சக்களத்திச் சண்டையேதான்.

தை மாதம் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்தாய். இனியாவது அது என் வீட்டோடு கிடக்கும் என்று நினைத்தேன். வேளைக்கு வந்து தின்றுவிட்டு எங்கேயோ போய்விடும். கத்திரி வெயில் வந்ததும் அதை இழுத்து வைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். கருவாட்டுத் தலை. உனக்கு அது ஆகவே ஆகாது. "வெயில் காலத்துல உப்பு போடாதடி. தாகம் தாங்காம ஏரித் தண்ணிய குடிச்சிடும், அதுவும் உப்பு" என்று என் கையிலிருந்தே பிடுங்கி எறிந்திருக்கிறாய். இப்போது பிடுங்க யார் இருக்கிறார்கள்? போட்டேன். செவலை வாலை ஆட்டிக்கொண்டு என் வாசலில் உட்கார்ந்து தின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மத்தியானமே ஏரிக்கரையில் விழுந்து கிடந்தது. பக்கத்தில் கக்கியிருந்தது. நாக்கு தொங்க, இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. படகு நிழலுக்கு இழுத்துவந்து, ஈரச் சாக்கை அதன்மேல் போர்த்தினேன். போர்த்திய கையோடு உன் ஏச்சு காதில் விழுந்தது: "மேல போத்தாதடி! உள்ள வெந்துடும். அடியில போடு." சாக்கை உருவி அடியில் விரித்தேன். வயிறு, தொடையிடுக்கு, பாதம் என்று நல்ல தண்ணீரால் நனைத்தேன். முறத்தால் விசிறினேன். வாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினேன். எல்லாம் நீ செய்கிற மாதிரியே. என் நாயைப் பிழைக்க வைப்பதற்கும் நீதான் வரவேண்டியிருக்கிறது. அந்த நேரத்திலும் எனக்கு அது எரிந்தது.

மூச்சு நிதானப்பட்டதும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு பொன்னேரி மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன்.

"நாய் யாரோடதும்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"என்னுதுதாம்மா."

சொல்லிவிட்டு, பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். நீ இருந்திருந்தால், "ஆமா, பெத்தவ சொல்றா" என்று ஒரு வெட்டு வெட்டியிருப்பாய். அங்கே காலி பெஞ்சுதான் இருந்தது. டாக்டரம்மா ஊசியை எடுத்தார். இத்தனை வருஷமாக அடித்துக்கொண்ட நாய் எனக்கே எனக்கு என்று ஆகிவிட்டது. எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. "நாய்க்கு ஒண்ணும் ஆவாதும்மா, அழாதீங்க" என்று அவர் தேற்றினார்.

ஊருக்குத் திரும்பினோம். ஆட்டோ நின்றதும் செவலை தள்ளாடி இறங்கியது. என் வீட்டைத் தாண்டிப் போய், பூட்டிய உன் கதவின் இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்தது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நீ உயிரோடு இருந்தபோது எரிந்த அதே எரிச்சல், துளியும் குறையவில்லை. அந்த எரிச்சல் திரும்பி வந்ததும்தான் அக்கா, எனக்கு மூச்சே வந்தது.