பதினொரு நாளில் ஒன்பது நாடு

1 ஜூன் 2025, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது செல்வரத்தினம் அண்ணை ஒரு தாளோடு சுற்றிக்கொண்டிருந்தார். செப்ரெம்பரில் ஐரோப்பா பஸ் சுற்றுலா. லண்டனில் ஏறி லண்டனில் இறங்கலாம். பதினொரு நாளில் ஒன்பது நாடு. இரவில் சோறு. நான் காரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் மனைவி இமெல்டா எங்கள் இரண்டு பேரின் பெயரையும் எழுதிவிட்டாள்.

உலகத்தின் தெற்கு மூலையில் இருக்கும் இந்த ஊரில் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். லின்ஃபீல்டிலிருந்து நகர மையம், நகர மையத்திலிருந்து லின்ஃபீல்ட். ஓய்வு எடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் என்னைக் கொண்டுபோய் இன்னொரு பஸ்ஸில் இருத்தப் போகிறாள்.

"நீங்கள் ஓட்டத் தேவையில்லைத்தானே. சும்மா இருந்து கொண்டு வாங்கோவன்" என்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

3 ஜூன்

எனக்கு ஐரோப்பா என்றால் ஒரே ஒரு வீடுதான். ஜேர்மனியின் தெற்கில் ராஸ்டாட் என்ற சின்ன ஊரில், என் கூடப்பிறந்த இராசமலர் அக்காவின் வீடு. அவரைக் கடைசியாகக் கண்டது 1996இல், கொழும்பில். இருபத்தொன்பது வருஷம். ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. வீட்டு மோட்கேஜ், மகள் ஜெனுஷாவின் படிப்பு, கிடைக்காத லீவு. இப்போது அக்காவுக்கு எழுபத்தொரு வயது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மெஷினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அவர் இனி இங்கே வரமாட்டார். நான்தான் போக வேண்டும்.

என் திட்டத்தை ஒரு தாளில் எழுதி இமெல்டாவிடம் காட்டினேன். நேரே அக்கா வீடு, ஆறு நாள். பிறகு ரெயினில் ஸ்ட்ராஸ்பூர்க், இரண்டு நாள். லூசேர்ன், இரண்டு நாள். திரும்பி வருவது. அவ்வளவுதான்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "ஒன்பது நாடு எங்க, மூண்டு நாடு எங்க" என்றாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கறி கிளறப் போய்விட்டாள்.

8 ஜூன், ஞாயிறு

ஜெனுஷா வந்தாள். மகளாவது என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தால், போனில் ரெயின் நேரங்களைக் காட்டிவிட்டு, "இற்ஸ் ஸோ ஈஸி, டாட்" என்றாள். ஈஸி என்பது எனக்கும் தெரியும். அதை அவளுடைய அம்மாவிடம் சொல்லட்டும்.

அம்மாவின் வாதங்கள்: பெட்டியை யார் தூக்குவது. தன் முழங்கால். சோறு எங்கே கிடைக்கும். கடைசியில், "உங்கட வாயை நம்பி நான் ரெயின் ஏறமாட்டன்." சிட்னியில் ரெயின் மாறி ஏறி, கடற்கரைக்குப் போகவேண்டியவர்கள் மலைக்குப் போய்ச் சேர்ந்த கதை திரும்பவும் வந்தது. பதினாலு வருஷமாக இந்தக் கதையைக் கேட்கிறேன். ஒருமுறைக்கு ஒருமுறை அந்த மலை உயர்ந்துகொண்டே போகிறது.

நான் மட்டும் தனியாகப் போகலாமே என்று ஜெனுஷா கேட்டாள். போகலாம். போனால் கதவைத் திறந்ததும் அக்கா "எங்க இமெல்டா?" என்று கேட்பார். என்ன சொல்வது? அவ லிக்ரென்ஸ்ரைன் நாடு பார்க்கப் போய்விட்டா என்றா?

20 ஜூன்

பயண அட்டவணை வந்துவிட்டது. ஒரு டிரைவராக அதை வாசித்தேன். லக்ஸம்பேர்க் ஐம்பது நிமிஷம். லிக்ரென்ஸ்ரைன் இருபத்தைந்து நிமிஷம். அதில் கழிப்பறை வரிசைக்குப் பதினைந்து போனால், மிச்சம் பத்து நிமிஷத்தில் ஒரு நாட்டைப் பார்க்க வேண்டும்.

நாலாம் நாள் வியாழக்கிழமை. கொலோனிலிருந்து சுவிஸுக்கு. வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். அந்த நெடுஞ்சாலை அக்கா வீட்டுக்கு ஆறு கிலோமீற்றர் தள்ளிப் போகிறது. நிற்காது.

செல்வரத்தினம் அண்ணைக்குப் போன் எடுத்தேன். எங்களை அங்கே இறக்கிவிட்டால், இரண்டு நாள் கழித்து சுவிஸில் வந்து ஏறிக்கொள்வோம் என்றேன்.

"உது சரிவராது கிளறன்ஸ். பஸ் முழுக்க எங்கட சனம். உமக்கு விட்டா, பிறகு எல்லாருக்கும் வழியில ஒரு அக்கா இருப்பா" என்றார்.

உண்மைதான். எங்கள் ஆட்களை ஏற்றிய பஸ் ஒவ்வொரு உறவினருக்கும் நின்றால் ஐரோப்பாவைச் சுற்ற ஒரு வருஷம் பிடிக்கும். உண்மை என்பதால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.

21 ஜூன்

இமெல்டாவோடு கதைக்கவில்லை.

22 ஜூன்

கதைத்தேன். சண்டை.

6 ஜூலை

தோற்றுவிட்டேன். விமான ரிக்கெற் போட்டாயிற்று. சுற்றுலா முடிந்த பிறகு அக்காவிடம் போகலாம் என்றால் இமெல்டாவுக்கு நாள் இல்லை. மவுண்ட் ரொஸ்கிலில் அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இரண்டு கிழமைக்கு மேல் லீவு தரமாட்டார்களாம். கேட்டாளா என்பது வேறு விஷயம். முப்பத்திநாலு வருஷமாக இவளோடு சண்டை பிடித்து ஒன்றிலும் வென்றதில்லை. இதிலாவது வெல்வேன் என்று எப்படி நினைத்தேன்?

அக்காவிடம் போனில் சொன்னேன். பஸ் நாலாம் நாள் மத்தியானம் நெடுஞ்சாலைத் தரிப்பிடம் ஒன்றில் முப்பது நிமிஷம் நிற்கும், பெற்றோல் நிரப்பும் செற்றும் சாப்பாட்டுக்கடையும் உள்ள இடம், அவருடைய வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி என்றேன். வியாழன் என்பதால் மெஷின் இல்லை. மகன் சஞ்சீவன் கூட்டி வருவானாம்.

"அரை மணித்தியாலம் காணும் தம்பி. முகத்தைப் பாத்தாச் சரி" என்றார்.

இருபத்தொன்பது வருஷத்துக்கு அரை மணித்தியாலம். தொலைபேசியை இமெல்டாவின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்ப் புல் வெட்டினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பரவாயில்லை என்று வெட்டினேன்.

9 செப்ரெம்பர், அம்ஸ்ரடாம்

விடிய ஐந்தரைக்கு எழுப்பினார்கள். ஆறேகாலுக்குப் பெட்டி வாசலில். நேற்று பிரசெல்ஸில் நாற்பது நிமிஷம். இறங்கினோம், படம் எடுத்தோம், ஏறினோம். என்ன பார்த்தேன் என்று கேட்டால், எனக்கு முன்னால் நடந்தவருடைய முதுகுப்பையைச் சொல்வேன்.

இன்று ஹொட்டேல் வாசலில் இரண்டு குடும்பங்கள் யாருடையவோ உறவு என்று வந்து, இடியப்பமும் சம்பலும் பார்சலாகக் கொடுத்துவிட்டுப் போயின. பஸ் முழுக்க வெங்காய வாசம். இமெல்டா எனக்கும் ஒரு பார்சல் வாங்கி வந்து தந்தாள். நன்றாகத்தான் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

டிரைவர் நல்ல ஓட்டுநர். வளைவில் பிரேக்கைத் தொடுவது தெரியவில்லை. இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

10 செப்ரெம்பர், கொலோன்

நாளை. தரிப்பிடத்தின் பெயரை சஞ்சீவனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்றைத் திருப்பி அனுப்பினான்.

நித்திரை வரவில்லை.

11 செப்ரெம்பர், வியாழன்

எழுதத்தான் வேண்டும்.

ஒன்று பத்துக்கு பஸ் நின்றது. ஒன்று நாற்பதுக்குப் புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முதல் ஆளாக இறங்கி, கார் நிற்கும் இடமெல்லாம் தேடினேன். இல்லை. கடைக்குள் தேடினேன். இல்லை. ஒன்று இருபத்தைந்துக்கு சஞ்சீவன் போன் எடுத்தான்.

"மாமா, நாங்கள் வந்திட்டம். நீங்கள் எங்க?"

"நான் கடை வாசலில நிக்கிறன்."

"நானும் கடை வாசலிலதான் மாமா."

அப்போதுதான் விளங்கியது. அந்தத் தரிப்பிடம் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. ஒரே பெயர். பஸ் தெற்கே போகிறது. அவர்கள் தெற்கேயிருந்து வடக்கே வந்தவர்கள், தங்கள் பக்கத்துத் தரிப்பிடத்தில் நிற்கிறார்கள். எந்தப் பக்கம் என்று நான் எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷம் வீதியில் கிடந்தவன் நான். தரிப்பிடத்தின் பெயரை எழுதினேன், பக்கத்தை எழுதவில்லை. இமெல்டா செய்திருந்தால் சாகும்வரை சொல்லிக்காட்டியிருப்பேன்.

"மேலால பாலம் இருக்கும் எண்டு நினைச்சன் மாமா. இல்லை. அடுத்த வெளிவழியில இறங்கித் திரும்பி வர இருபத்தைஞ்சு நிமிஷம்" என்றான்.

கம்பி வேலிக்கு ஓடினேன். ஆறு வரிசை வாகனங்களுக்கு அந்தப் பக்கம், மரங்களுக்கு இடையில், ஒரு பச்சைச் சீலை. அக்கா கோட்டுக்கு மேலே முந்தானையை எடுத்து ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரு லொறி போகும், மறையும். லொறி போனதும் திரும்பத் தெரியும். முகம் தெரியவில்லை. கையை ஆட்டினேன். கத்தினேன் போலவும் இருக்கிறது.

ஒன்று முப்பத்தெட்டு. டிரைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கொஞ்சம் நிற்கும்படி நான் அவரிடம் கேட்டிருக்கலாம். ஓடிவருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நான் கதவைச் சாத்தியிருக்கிறேன். எத்தனை பேர். நேரம் நேரம்தான் என்று பெருமையாக வேறு சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு நான் எந்த வாயால் கேட்பது? படியில் ஏறி என் இருக்கையில் இருந்துவிட்டேன். ஆம், இருந்துவிட்டேன். அதை மறைத்து எழுத மனம் வரவில்லை.

இமெல்டா எழும்பினாள். மேல் தட்டிலிருந்து கைப்பையை எடுத்தாள். முன்னுக்கு நடந்து போய், டிரைவரிடம் தன் இங்கிலிஷில், கீழ் அறையைத் திறக்கும்படி சொன்னாள். எங்களுடைய இரண்டு பெட்டியும் வேண்டும் என்றாள்.

செல்வரத்தினம் அண்ணை பதறிப்போனார். "தங்கச்சி, என்ன விசர் வேலை இது? இன்னும் ஆறு நாடு இருக்கு."

"இருக்கட்டும் அண்ணை. நீங்கள் பாருங்கோ" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன இருக்கிறியள்? இறங்குங்கோ."

மூன்று மாதம். மூன்று மாதம் நான் தொண்டை வறளக் கத்தியபோது அசையாதவள். இதை ஜூன் மாதமே செய்திருக்கக் கூடாதா என்று கேட்க வாய் உன்னியது. நல்ல வேளை, கேட்கவில்லை. சொந்தப் பொறுப்பில் இறங்குகிறோம் என்று அண்ணை ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பஸ் ஒன்று நாற்பத்தாறுக்குப் போனது. ஆறு நிமிஷம் பிந்தித்தான்.

பெற்றோல் செற்றின் சுவரோரம் பெட்டிகளின் மேல் இருந்தோம். சஞ்சீவனுக்குப் போன் எடுத்து, இறங்கிவிட்டோம் என்றேன். அவளுடைய முழங்காலைத் தேய்த்துவிட்டேன்.

இரண்டேகாலுக்குக் கார் வந்தது. அக்கா இறங்க நேரமெடுத்தது. சின்னதாகிப் போயிருந்தார். என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "கிழவனாப் போனாய்" என்றார். பிறகு, "நீ அடையாளம் பிடிக்கவேணும் எண்டுதான் சீலை கட்டினனான்."

அழுதேன். மூன்று பேரும் அழுதோம். சஞ்சீவன் பெட்டிகளை ஏற்றினான்.

12 செப்ரெம்பர், ராஸ்டாட்

அக்காவுக்கு மெஷின் நாள். கூடப் போனேன். நாலு மணித்தியாலம். வாய் ஓயாமல் கதைக்கலாம் என்று நினைத்துப் போனேன். அவர் அரை மணியில் நித்திரையாகிவிட்டார். பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

15 செப்ரெம்பர்

மெஷின் நாள். இன்றைக்கு இமெல்டாவும் வந்தாள். தாதியிடம் வேலைக் கதை பேசத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு ஜேர்மன் தெரியாது, தாதிக்கு இங்கிலிஷ் அரைகுறை. இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள்.

18 செப்ரெம்பர், லண்டன்

ரெயினில் வந்தோம். மூன்று இடத்தில் மாறி ஏற வேண்டும். ஒன்றில் தவறான ரெயினில் ஏறி நாற்பது நிமிஷம் வேறு பக்கம் போய்விட்டோம். என்னுடைய பிழைதான். திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அக்கா எங்களை அனுப்பேக்க அழேல்லை, பாத்தனீங்களா" என்று மட்டும் சொன்னாள்.

பார்த்தேன்.

5 ஒக்ரோபர், ஞாயிறு, லின்ஃபீல்ட்

பூசை முடிந்து மண்டபத்தில் சுற்றுலாப் படங்களைத் திரையில் போட்டார்கள். ஒன்பது நாடு, நூற்றுக்கணக்கில் படம். செல்வரத்தினம் அண்ணை ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னார். எல்லாவற்றிலும் ஆட்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், பின்னால் இருக்கும் கட்டடம் மட்டும் மாறுகிறது. வழக்கமாக இதை நான் சத்தமாகச் சொல்லியிருப்பேன். இன்று இமெல்டா முந்திக்கொண்டு என் காதுக்குள் சொன்னாள்.

கடைசியில் அண்ணை, "கிளறன்ஸ் ஆக்கள் பாதியில இறங்கினவை. உங்களிட்டயும் ஏதாவது படம் இருந்தாப் போடுவம்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இமெல்டாவின் போனில் ஒரு படம் இருக்கிறது. ஆஸ்பத்திரி அறை. அக்கா மெஷின் கட்டிலில், நான் பக்கத்துக் கதிரையில். இரண்டு பேரும் தலையை ஒரே பக்கம் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு நல்ல நித்திரை. அதை எடுத்தது எனக்குத் தெரியாது. விமானத்தில்தான் காட்டினாள். ஒன்பது நாட்டுப் படத்தை முகநூலில் போட வேண்டும் என்று புதுப் போன் வாங்கியவள் அவள்.

போனை எடுத்தாள். அந்தப் படத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அணைத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"இல்லை அண்ணை," என்றாள், "நாங்கள் படம் ஒண்டும் எடுக்கேல்லை."