மற்றப் பக்கத்தை ஆர் தூக்கிறது?

இன்று காலை கிளிநொச்சியில் ஒரு வாத்தியக் கடையில் கீபோர்ட் ஒன்றின் கட்டையை மெதுவாக அமுக்கிப் பார்த்தேன். கட்டை கீழே போனது, சத்தம் வரவில்லை. கடைக்காரர் பதறிக்கொண்டு வந்தார். பழுதில்லை அக்கா, இது பியானோக் கட்டை, கொஞ்சம் கெதியாக அமத்தினால்தான் பேசும் என்று விளக்கம் சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்பதை அறிந்தவள் நீ ஒருத்திதான். நீயோ செத்துப்போனாய்.

செத்தவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டுமாம். நீ அதை ஒருநாளும் மதித்தவள் அல்ல. முல்லைத்தீவுக் கரையில் நாங்கள் போகாத மரண வீடு இல்லை. நீ வாசிப்பாய், நான் பாடுவேன், எங்கள் மேளக்காரன் தேவன் தாளம் போடுவான். ஒருமுறை அவன் தாளத்தை விட்டுவிட்டான். நீ எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, "பெட்டிக்குள்ள கிடக்கிறவர் உன்னைவிட ஒழுங்கா தாளத்தில கிடக்கிறார்" என்றாய். அழுதுகொண்டிருந்த சனம் சிரித்துவிட்டது. தேவன் இரண்டு கிழமை உன்னோடு கதைக்கவில்லை. அப்படிப்பட்ட உனக்கு எழுதும்போது நான் மட்டும் ஏன் வாயில் தேனைத் தடவிக்கொண்டு இருக்க வேண்டும்?

கடைக்குப் போன காரணம் வேறொன்றுமில்லை. நம் சின்னக் கீபோர்ட்டில் இன்னுமொரு கட்டை உடைந்துவிட்டது. நாயாற்றுப் பக்கத்து வேதக் கோயில் திருநாள் வருகிறது. இப்போது வாசிக்கிறவள் நான்தான். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பையில் போட்டுத் தோளில் கொழுவலாம், பற்றரியிலும் வேலை செய்யும். மற்றது எண்பத்தெட்டுக் கட்டை, விரலை எதிர்த்து நிற்கும் பாரம், ஒரு ஆளால் அசைக்க முடியாத உடம்பு. எங்கள் பழைய சண்டை அப்படியே மேசையில் கிடந்தது.

உன் பெரிய கீபோர்ட் ஜெர்மனியிலிருந்து உன் தங்கச்சி அனுப்பியது. சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பியானோவில் பழகிய விரல் உன்னுடையது. கலியாணம் கட்டி இந்தக் கரைக்கு வந்த பிறகு அந்த விரலுக்குக் கிடைத்ததெல்லாம் பிளாஸ்டிக். பெட்டியை உடைத்து முதற்கட்டையைத் தொட்டதும் நீ அழுதாய். காணாமல்போன உன் மனுசன் திரும்பி வரவே மாட்டார் என்று ஊரே முடிவுகட்டிய நாளிலும் என் முன்னால் அழாதவள். நானும் ஆசையில் கையை நீட்டினேன். நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு என் கையைத் தட்டிவிட்டாய். "உன்ர கைக்குப் பிளாஸ்டிக் காணும்" என்றாய். கண்ணீர் காயவில்லை, நாக்கு மட்டும் அதற்குள் கூராகிவிட்டது.

தொட விடமாட்டாய், ஆனால் தூக்க மட்டும் நான் வேண்டும். இடப் பக்கம் நீ, வலப் பக்கம் நான். நாயாற்று மணலில் கணுக்கால் புதையப் புதைய அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். பஸ் கொண்டக்டர் எங்களைக் கண்டாலே முன்கதவை மூடச் சொல்லுவான். ஒட்டுசுட்டானில் ஒரு கலியாணம் நினைவிருக்கிறதா? லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பிடித்து, டிரெயிலரில் மெத்தை விரித்து, அதன் மேல் உன் கீபோர்ட்டைக் கிடத்தி, நாங்கள் இருவரும் விளிம்பில் தொங்கிக்கொண்டு போனோம். அந்த ஆமை வேகத்தில் திரும்பினால் வழியில் யானை வந்துவிடும் என்று தேவன் அவசரப்படுத்த, மாப்பிள்ளை பொம்பிளை சாப்பிட இருக்கும் முன்பே கட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். பிறகு வவுனியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த பொடியள் மிச்ச நேரம் முழுக்க வாசித்தார்களாம். அடுத்த கலியாணத்துக்கு அவர்களைத்தான் கூப்பிட்டார்கள். அதற்கடுத்ததற்கும்.

பெரியதை வீட்டில் வைத்துவிட்டுச் சின்னதைக் கொண்டு போவோம் என்று கெஞ்சினேன். கலியாண வீட்டில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது என்றேன். "உனக்குத் தெரியுமே" என்றாய். பிறகு கேட்டாய்: "நெல்லுப் பாரமெண்டு ஆரும் உமியைக் கட்டிக்கொண்டு போறதோ?" எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஏனென்றால் அந்த உமியில்தான் நான் பழகிக்கொண்டிருந்தேன்.

பிறகு பாரிசவாதம் வந்து உன் வலப்பக்கத்தை இழுத்துவிட்டது. ஆண்டவர் இடப்பக்கத்தை எடுத்திருந்தாலும் பாட்டு மிஞ்சியிருக்கும். அவருக்கும் உன்னைப்போலவே குறி பார்த்து அடிக்கத் தெரிந்திருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் பெரியதை வைக்கச் சொன்னாய். மத்தியானங்களில் நான் மீனைக் காயப் போட்டுவிட்டு வந்து, உன்னைத் துடைத்து, உடுப்பு மாற்றி, கஞ்சி பருக்கிய பிறகு, "வாசி" என்பாய். அப்போதுதான் முதன்முறையாக அதைத் தொட்டேன். ஒரு நாளாவது நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருப்பாயா? "அது கதவில்லை, தட்டாதை. உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை." கோணிய வாயாலும் குத்தத் தெரிந்தவள் நீ. எத்தனையோ நாள் படலையைச் சாத்திவிட்டு, இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று மனதுக்குள் சபித்துக்கொண்டு போயிருக்கிறேன். அடுத்த மத்தியானம் வந்து நிற்பேன்.

ஒரு நாள் என்னை எழும்பச் சொன்னாய். கட்டில் விளிம்பில் உன்னை இருத்தினேன். இடக்கையால் உன் வலக்கையைத் தூக்கி, செத்த மீனை வைப்பதுபோலக் கட்டைகளில் வைத்தாய். ஒரு விரலை முழு மூச்சோடு அமத்தினாய். கட்டை மெல்ல மெல்ல அடிவரை இறங்கியது. சத்தம் வரவில்லை. இன்னொரு முறை அமத்தினாய். அப்போதும் இல்லை.

"கரண்ட் இல்லையோ?" என்று கேட்டாய்.

"ஓம். இப்பதான் நிண்டது" என்றேன்.

எங்கள் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நீ நிமிர்ந்து அதையே பார்த்தாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. உன்னைத் தெரிந்த நாளிலிருந்து எனக்குப் பயம் வந்தது அந்த ஒரு முறைதான்.

நான் ஓடிப்போய்ச் சின்னதை எடுத்து வந்து உன் மடியில் வைத்தேன். அதற்குப் பலம் வேண்டியதில்லை, தொட்டால் போதும். நீ அதே விரலை வைத்தாய். அது வீடு அதிரக் கத்தியது. என் முகத்தில் சந்தோசத்தைக் கண்டிருப்பாய். விரலை எடுத்துவிட்டாய்.

"உது ஆர் தொட்டாலும் ஒரே சத்தம்தான் போடும். எடுத்துக்கொண்டு போ."

அதன் பிறகு நீ எதையும் தொடவில்லை. என்னை வாசிக்கச் சொல்வதை மட்டும் விடவில்லை.

கடைசி மாதம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், இதை எனக்குத் தரமாட்டியோ என்று. நம் ஊர்க் கோயிலுக்குக் கொடுக்கச் சொல்லித் தங்கச்சிக்கு அறிவித்துவிட்டேன் என்றாய். இவ்வளவு காலமும் சுமந்தவள் நான், உன் மூத்திரத் துணி தோய்த்தவள் நான், கோயிலில் அதை வாசிக்க ஒரு குஞ்சுமில்லை என்று கத்தினேன். நீ கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய்:

"மற்றப் பக்கத்தை ஆர் தூக்கிறது?"

நான் எழும்பிப் போய்விட்டேன்.

உன் இறுதி ஊர்வலத்தில் சின்னதைத்தான் வாசித்தேன். வேறு வழியில்லை, ஓடுகிற லாண்ட்மாஸ்டரில் உன் பெரியதை வைத்து வாசிக்க முடியாது. வைரவர் கோயில் சந்திப் பள்ளத்தில் டிரெயிலர் குலுங்க, ஒரு கட்டை இறங்கி மேலே வராமல் நின்றது. உன்னைப் புதைக்கிற சேமக்காலை வரைக்கும் ஒரே சுரம் கத்திக்கொண்டே வந்தது. நீ பெட்டிக்குள் பல்லைக் கடித்திருப்பாய். உன்னைத் தூக்கிய அதே நாலு பேர்தான் அடுத்த நாள் கீபோர்ட்டையும் கோயிலுக்குத் தூக்கினார்கள். நீதான் பாரம் குறைவு என்றான் தேவன். பழைய கணக்கைத் தீர்த்துவிட்டான். இப்போது அதன் மேல் துணி விரித்துப் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். நாயாறு வரைக்கும் ஆள் வைத்துத் தூக்க ஏலாதாம், அதனால் அந்தத் திருநாளுக்கும் நான் பையோடுதான் போக வேண்டும். உன் தர்மம் நல்ல தர்மம்.

இன்று கடையில் சின்னதை வாசித்தபோது கடைக்காரர் முகம் சுளித்தார். "மெதுவா அக்கா, உடைஞ்சு போகும். நீங்கள் பியானோ பழகின ஆளோ?" என்றார். பழகவில்லை, பேச்சு வாங்கினேன் என்றேன். பிறகு பெரியதின் முன்னால் உட்கார்ந்தேன். சொன்னால் நம்பமாட்டாய், அது பேசியது. மெதுவாக அமத்திய இடத்தில் மெதுவாக, அழுத்திய இடத்தில் நெஞ்சுக்குள்ளிருந்து பேசியது. நீ எதற்காக எங்கள் முதுகை முறித்தாய் என்று என் கைக்கு விளங்கியது. அதையே வாங்க வேண்டும் என்று வெறி வந்தது.

பாரம் பார்க்க ஒருக்காத் தூக்குவோம் என்றார் கடைக்காரர். அவர் இடப் பக்கம் போனார். நான் யோசிக்காமலே வலப் பக்கத்தைப் பிடித்தேன். தூக்கினோம். நிமிர்ந்து பார்த்தால் உன் இடத்தில் யாரோ ஒரு மனிதர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் நாயாற்று மணலுக்கு வரப்போவதில்லை. கீழே வைத்துவிடுங்கோ என்றேன்.

மற்றப் பக்கத்தை ஆர் தூக்கிறது என்று அன்று நீ கேட்டது வசையா, இல்லை இனி நான் இருக்கமாட்டேன் என்று எனக்கு மட்டும் விளங்கும்படி சொன்னாயா? கேட்க ஆளில்லை. வசை என்றே வைத்துக்கொள்கிறேன். அழுவதைவிடக் கோபப்படுவது சுகம்.

சின்னதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கொண்டக்டர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மடியில் வைத்து, மூடிய பையின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு வந்தேன், பக்கத்தில் இருந்தவள் தள்ளி உட்காரும்வரை. இறங்கும்போது ஒரு கையால் தூக்கினேன், அவ்வளவு லேசு. வீடு வந்து சேரும்வரை மற்றக் கைக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.